தீயில் வேகாதவன் யார்? - சில சாலமாண்டர் விடுகதைகள்

விடுகதைன்னா நமக்கு கிணறு, வெங்காயம், தேங்காய், நிலா... இதுதான் விடையா வரும். எந்தப் பாட்டியும் சாலமாண்டருக்கு விடுகதை போட்டதில்லை. காரணம் சிம்பிள். தென்னிந்தியாவிலயும் இலங்கையிலயும் அது கிடையவே கிடையாது. இந்தியாவுல பாக்கணும்னா டார்ஜிலிங், மணிப்பூர் பக்கம் போகணும். பாக்க பல்லி மாதிரி இருக்கும், ஆனா பல்லி இல்லை. செதில் கிடையாது, ஈரத் தோல், தவளைக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்.

ஐரோப்பாவுல கதை வேற. அங்கே 7ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆல்டெல்ம் என்று ஒரு கிறிஸ்தவ மடாதிபதி இருந்தார். இங்கிலாந்துக்காரர், 709ல இறந்தார். மனுஷன் உட்கார்ந்து லத்தீன் செய்யுள்ல 100 விடுகதை எழுதி வெச்சிருக்கார். அதுல 15வது விடுகதைக்கு விடை சாலமாண்டர். "நெருப்புக்கு நடுவுல இருப்பேன், ஆனா வேக மாட்டேன், நான் யார்?" என்பதுதான் கருத்து.

இந்த நம்பிக்கை அவருக்கு முன்னாடியே ஆயிரம் வருஷப் பழசு. சாலமாண்டர் நெருப்புல நடந்தா நெருப்பே அணைஞ்சிடும்னு அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கார். நம்ம ஊர்ல அரணை கடிச்சா உடனே மரணம்னு சொல்றோமே, அந்த மாதிரி. (அரணைக்கு விஷமே கிடையாது. யார் கேக்கறாங்க?)

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் பிளினி. கி.பி. 79ல வெசுவியஸ் எரிமலை வெடிச்சப்போ செத்துப்போனாரே, அதே பிளினிதான். தன் புத்தகத்துல ஒரு இடத்துல சாலமாண்டர் ஐஸ்கட்டி மாதிரி தீயை அணைக்கும்னு எழுதறார். வேறொரு இடத்துல, இது நிஜமா இருந்தா ரோமாபுரியில இந்நேரம் பயன்படுத்திப் பாத்திருப்பாங்களேன்னு அவரே கேக்கறார். ரோம்ல அடிக்கடி தீப்பிடிக்கும், நியாயமான கேள்விதான். ஆனா அந்த ஒரு வரியை அடுத்த 1500 வருஷத்துக்கு யாரும் சட்டை பண்ணலை. புனித அகஸ்டின், நரக நெருப்புல உடம்பு எரிஞ்சு தீராம இருக்க முடியும்ங்கறதுக்கு சாலமாண்டரை உதாரணமா காட்டினார். பிரான்ஸ் மன்னர் முதலாம் பிரான்சுவா அதையே தன் சின்னமா வெச்சுக்கிட்டார். இத்தாலியச் சிற்பி செல்லினிக்கு அஞ்சு வயசு இருக்கும்போது, அடுப்புத் தீயில சாலமாண்டரைக் காட்டி அவங்கப்பா பளார்னு ஒண்ணு விட்டாராம். தப்பு எதுவும் பண்ணலை, பார்த்தது மறக்கக் கூடாதாம்! அப்புறம் முத்தம் கொடுத்து காசும் கொடுத்தாராம் :-)

கல்நார்த் துணியை சாலமாண்டர் ரோமம்னு சொல்லி வித்த கூத்தும் நடந்தது. மார்க்கோ போலோதான் அது மிருகமே இல்லை, மலையில வெட்டி எடுக்கற பொருள்னு எழுதினார்.

சரி, நெருப்புக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? உளுத்துப்போன மரக்கட்டைக்குள்ள அது ஒளிஞ்சிருக்கும். கட்டையைத் தூக்கி அடுப்புல போட்டா உயிர் தப்பிக்க வெளியே ஓடி வரும். பார்த்தவனுக்கு நெருப்புல பிறந்த மாதிரி தெரியும். அவ்ளோதான் என்கிறார்கள்.

அடுத்த விடுகதை நானே போட்டது. "நோவா காலத்து வெள்ளத்துல செத்த பாவின்னு சொன்னாங்க, சுரண்டினா தவளைக்குச் சொந்தம். நான் யார்?"

1726ல ஷாய்க்சர் என்ற சுவிஸ் மருத்துவர், கல்லுக்குள்ள கிடந்த ஒரு எலும்புக்கூட்டை, பிரளயத்துக்குச் சாட்சியான மனுஷன்னு அறிவிச்சார். 1802ல அது நெதர்லாந்தின் ஹார்லெம் அருங்காட்சியகத்துக்குப் போச்சு. 1811ல பிரெஞ்சு அறிஞர் குவியே அங்கே வந்தார். ஒரு சாலமாண்டர் எலும்புக்கூட்டைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு கல்லைச் சுரண்ட ஆரம்பிச்சார். உள்ளேயிருந்து முன்னங்கால்கள் வெளிய வந்துச்சு. ராட்சத சாலமாண்டர்! பிளினி கேட்ட "செஞ்சு பார்த்தா என்ன?"வை கடைசியா ஒருத்தர் செஞ்சார்.

ஸ்லோவேனியக் குகைகள்ல ஓம்னு ஒண்ணு இருக்கு. கண் தெரியாது, வெளுத்த உடம்பு. பெருமழையில அடிச்சு வெளிய வரும்போது மக்கள் டிராகன் குட்டின்னு நினைச்சாங்க. 1689லயே வால்வசோர் எழுதி வெச்சிருக்கார். இதுக்கு விடுகதை நீங்களே போட்டுக்குங்க.

எனக்கு முக்கியமான விடுகதை இதுதான். "குழந்தையாவே இருப்பேன், குழந்தையும் பெத்துக்குவேன். நான் யார்?"

ஆக்ஸலாட்டில். மெக்சிகோ ஏரிகள்ல இருந்தது. தலைக்குப் பின்னாடி இறகு மாதிரி செவுள், சிரிச்ச முகம். சாவுக்குப் பயந்து மக்காச்சோளமா, கத்தாழையா மாறி, கடைசியில தண்ணிக்குள்ள ஒளிஞ்ச ஷோலோட்டில் என்ற தெய்வம்தான் இதுன்னு அஸ்டெக் கதை. குவியே இதை லார்வான்னு சந்தேகப்பட்டார். லார்வான்னா பெரிசு எங்கே? யாரும் பாத்ததில்லை.

1864ல பாரீஸ் அருங்காட்சியகத்துக்கு ஆறு ஆக்ஸலாட்டில் வந்துச்சு. பொறுப்பாளர் துமெரில். அடுத்த வருஷம் முட்டை போட்டுச்சு, குஞ்சு பொரிச்சுது. சரி, இதுதான் பெரிசு போலன்னு முடிவு பண்ணியிருப்பாங்க. ஆனா செப்டம்பர்ல குட்டிகள்ல சிலதுக்கு செவுள் சுருங்கி, தோல் மாறி, கரையில வாழற சாலமாண்டராவே ஆயிடுச்சு. பெத்தவங்க மட்டும் அப்படியே குழந்தையா தொட்டியில! துமெரில் குழம்பிப் போனார். 1870கள்ல மரீ ஃபான் ஷோவான் என்ற ஜெர்மன் அம்மணி, தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு, பொறுமையா பார்த்துப் பார்த்து சிலதை கரையேத்தினாங்க. விடை கடைசியில கழுத்துல இருந்துச்சு. தைராய்டு. 1913ல லாஃப்பெர்கர் தைராய்டு கொடுத்ததும் மாற ஆரம்பிச்சுது.

கையை வெட்டினா கை முளைக்குது, அதனால இன்னிக்கு உலகம் முழுக்க ஆய்வுக்கூடங்கள்ல வளர்க்கறாங்க. பாரீஸ் ஆறோட வம்சமும் அதுல இருக்கு. 2018ல மரபணுத் தொகுப்பையும் படிச்சு முடிச்சாங்க, நம்மளுதைவிட பத்து மடங்கு பெரிசு.

சொந்த ஊர்ல? மெக்சிகோ நகரத்துக்குத் தெற்கே ஷோச்சிமில்கோ கால்வாய்கள்தான் மிச்சம். வளர்க்க விட்ட கெண்டையும் திலேப்பியாவும் முட்டையைத் தின்னுது, சாக்கடை வேற. 1998 கணக்குல சதுர கிலோமீட்டருக்கு 6,000 இருந்தது, 2014ல 36. 2021ல மெக்சிகோ அரசு 50 பெசோ நோட்டுல இதோட படத்தை அச்சடிச்சுது. நோட்டு செம அழகு, நிறைய பேர் செலவே பண்ணாம பத்திரமா வெச்சிருக்காங்களாம்.