ஜெஸ்ஸி ஓவன்ஸின் கெண்டைக்காலை அளந்தவர்

கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் ஒட்டி வைத்து, மணிக்கட்டை லேசாக உள்பக்கம் மடக்கிப் பாருங்கள். பலருக்கு நடுவில் ஒரு தசைநாண் கயிறுபோலப் புடைத்து நிற்கும். சிலருக்கு இருக்காது. ஒரே ஆளுக்கு வலது கையில் இருந்து இடது கையில் இல்லாமலும் போகும். பாமாரிஸ் லாங்கஸ் என்ற தசையின் நாண் அது. இல்லாதவர்களுக்குப் பிடிமானம் ஒன்றும் குறைந்துவிடுவதில்லை. நரம்புகளும் அப்படித்தான். முன்கையில் ஒரு நரம்பின் இழைகள் பக்கத்து நரம்போடு போய்ச் சேர்வது சிலரிடம் உண்டு. பாடப்புத்தகப் படம் பொதுவான அமைப்பை மட்டுமே காட்டும்.

இந்தச் சாதாரண வேறுபாட்டை ‘இன அடையாளம்’ ஆக்கி அரசியல் செய்த வரலாறு ஒன்று அமெரிக்காவில் உண்டு.

1935 மே 25 அன்று ஆன் ஆர்பர் நகரில் ஜெஸ்ஸி ஓவன்ஸ் ஒரே பிற்பகலில் உலக சாதனைகளை வரிசையாக முறியடித்தார். கறுப்பின ஓட்டக்காரர்கள் வெல்ல வெல்ல, அதற்கு ஒரு ‘விளக்கம்’ தேவைப்பட்டது. கறுப்பர்களுக்குக் குதிகால் எலும்பு நீளம், கெண்டைக்கால் தசை குட்டை, நாண் நீளம், அதனால்தான் ஓடுகிறார்கள் என்றார்கள். கவனியுங்கள் தோழர்களே: வெள்ளையர் வென்றால் பயிற்சி, கறுப்பர் வென்றால் எலும்பு!

இதைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தவர் டபிள்யூ. மாண்டேக் காப். வாஷிங்டனின் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் உடற்கூறியல் கற்பித்தவர். உடல்சார் மானுடவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர். கிளீவ்லாந்தில் அவர் பயின்ற இடத்தில் பெரிய எலும்புக்கூட்டுச் சேகரிப்பு ஒன்று இருந்தது. அதில் பெரும்பகுதி, உரிமை கோர யாருமில்லாமல் இறந்த ஏழைகளின் உடல்கள். (இனம் பற்றிய ‘அறிவு’ யாருடைய உடல்களின் மேல் எழுந்தது என்பது தனியாக எழுத வேண்டிய கதை.)

காப் ஓவன்ஸின் உடலையே அளந்தார். 1936 ஜனவரியில் ‘ரேஸ் அண்ட் ரன்னர்ஸ்’ என்ற கட்டுரையை வெளியிட்டார். ஓவன்ஸின் கெண்டைக்காலும் பாதமும் குதிகால் எலும்பும் ‘கறுப்பின வகை’ என்று சொல்லப்பட்டதோடு பொருந்தவில்லை. ஆனால் வெள்ளையரான ஃபிராங்க் வைகாஃபின் கால் அந்த வகையோடு பொருந்தியது! கறுப்பின வீரர்களுக்குள்ளேயே உடலமைப்பு ஒருவருக்கொருவர் மாறுபட்டது. பயிற்சியும் ஊக்கமும்தான் காரணம் என்றார் அவர்.

ஆதிக்கம் செய்தவர்களின் அளவுகோலைக் கையில் எடுத்தே அவர் வாதாட வேண்டியிருந்தது என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் வேறு எந்த மொழியில் பேசியிருந்தாலும் அந்த அறிவியல் உலகம் காது கொடுத்திருக்காது. அதே 1936இல்தான் அம்பேத்கரின் ‘சாதி ஒழிப்பு’ வந்தது. பஞ்சாபின் பிராமணரும் சமாரும் ஒரே இனத்தவர்தான், சாதி இனப்பிரிவு அல்ல என்று அதில் அவர் வாதிட்டார்.

அந்த ஆகஸ்டில் ஓவன்ஸ் பெர்லினில் நான்கு தங்கம் வென்றார். எலும்புக் கதை அதோடு ஓயவில்லை. காப் பின்னாளில் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் தலைவரானார். ஓவன்ஸோ ஊர் திரும்பிய பிறகு, பிழைப்புக்காகக் குதிரைகளோடு போட்டி போட்டு ஓடினார்.