பஞ்ச காலத்தில் ஓவியக் கண்காட்சி எதற்கு?

தெருவில் ஜனங்கள் பசியால் செத்துக்கொண்டிருக்கும்போது ஓவியமும் சிற்பமும் செய்து கண்காட்சி வைப்பது நியாயமா? 1943-இல் கல்கத்தாவில் சில இளம் கலைஞர்கள் முன்னால் வந்து நின்ற கேள்வி இது. பி.காம் படிக்கிற உனக்கு ஓவியத்தில் என்ன வேலை என்று வகுப்பு நண்பர்கள் கேட்கலாம். இந்தக் கதை அரிசி விலையில்தான் தொடங்குகிறது, அதனால் எனக்கும் கொஞ்சம் உரிமை உண்டு!

1942-இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. அங்கிருந்து வங்காளத்துக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. ஜப்பானியர் கையில் சிக்கிவிடக் கூடாது என்று கடலோர மாவட்டங்களில் படகுகளை ஆங்கில அரசு பறிமுதல் செய்தது. படகு போனதும் மீனவர்களின் பிழைப்பும் போனது. அக்டோபரில் மிட்னாப்பூர் பகுதியைப் பெரும் புயல் அழித்தது. போர்ச் செலவுக்காகப் பணம் தண்ணீராக ஓட, விலைவாசி ஏறியது. பதுக்கல் வேறு.

1942 டிசம்பரில் ஒரு மணங்கு (சுமார் 37 கிலோ) அரிசியின் மொத்த விலை 13, 14 ரூபாய். 1943 ஆகஸ்டில் அதே அரிசி 37 ரூபாய். கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. 1981-இல் வெளியான தன் புத்தகத்தில் அமர்த்தியா சென் சொன்னது இதைத்தான்: பஞ்சமில்லாத 1941-ஐவிட 1943-இல் வங்காளத்தில் அரிசி குறைவாக இல்லை, அதை வாங்கும் சக்திதான் ஏழைகளிடம் இல்லை. இந்தக் கணக்கை மறுப்பவர்களும் உண்டு. ஆனால் செத்தவர்கள் யார் என்பதில் சந்தேகம் இல்லை. நிலமில்லாத கூலிகள், மீனவர்கள், கிராமத்துக் கைவினைஞர்கள். 15 லட்சம் பேர் என்றது அரசின் விசாரணைக் குழு. 30 லட்சம் வரை இருக்கும் என்பது சென்னின் கணக்கு.

இவ்வளவு நடந்தும், பஞ்ச விதித் தொகுப்பின்படி "பஞ்சம்" என்று அரசு அறிவிக்கவே இல்லை. அறிவித்தால் நிவாரணம் கொடுக்கும் கடமை வந்துவிடும். அதாவது, ஏட்டில் பஞ்சம் என்ற பதிவே கிடையாது.

இந்த நேரத்தில்தான் "கல்கத்தா குழு" பிறந்தது. சிற்பிகள் பிரதோஷ் தாஸ் குப்தா, அவர் மனைவி கமலா, ஓவியர்கள் பரிதோஷ் சென், கோபால் கோஷ், நீரோத் மஜும்தார், ரதின் மைத்ரா, சுபோ தாகூர், பிராணகிருஷ்ண பால் ஆகியோர் 1943-இல் ஒன்று சேர்ந்தார்கள். நம் ஊருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. பிரதோஷ், பரிதோஷ், கோபால் கோஷ் மூவரும் சென்னை அரசு ஓவியப் பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் படித்தவர்கள். மெரினா கடற்கரையின் உழைப்பாளர் சிலையைச் செய்தாரே, அவரேதான்.

அதுவரை வங்காள ஓவியம் என்றால் அபனீந்திரநாத் தாகூர் வழி. மங்கலான நீர்வண்ணம், புராணக் காட்சிகள், பழம்பெருமை. கண்முன்னால் பிணங்கள் கிடக்கும்போது இன்னும் தேவர்களையும் தேவிகளையும் வரைந்துகொண்டிருக்க முடியாது என்றார்கள் இந்த இளைஞர்கள். கலையின் நடுவில் மனிதன்தான் இருக்க வேண்டும், மற்ற நாட்டுக் கலையிலிருந்தும் கற்கலாம் என்பது அவர்கள் கொள்கை. கல்கத்தாவில் மட்டுமின்றி பம்பாயிலும் கண்காட்சி வைத்தார்கள். ஹுசைன், ரஸா, சூஸா ஆகியோரின் புகழ்பெற்ற பம்பாய்க் குழு தோன்றியது 1947-இல்தான். 1950-இல் இரண்டு குழுக்களும் சேர்ந்து கல்கத்தாவில் ஒரு கண்காட்சி நடத்தின. 1953-இல் கல்கத்தா குழு கலைந்தது.

இனிதான் சிக்கல். குழுவில் எல்லோரும் பஞ்சத்தையே வரையவில்லை. கோபால் கோஷ் பெயர் பெற்றது பெரும்பாலும் இயற்கைக் காட்சிகளுக்காக. ஒரு கட்சியின் பிரச்சாரக் கருவியாக ஆகிவிடக் கூடாது என்பதில் பிரதோஷ் உறுதியாக இருந்தார். நாடு எரியும்போது வடிவம், வண்ணம் என்று பேசுவதா?

அதே ஊரில் வேறு வழியில் போனவர்களும் இருந்தார்கள். ஜைனுல் ஆபிதின் மலிவான காகிதத்தில் கருப்பு மையால் தெருவில் கிடந்தவர்களை வரைந்தார். எலும்பும் தோலுமான தாய், குழந்தை, பக்கத்தில் காக்கை. கம்யூனிஸ்ட் கட்சிக்காரரான சித்தபிரசாத் மிட்னாப்பூர் கிராமங்களுக்கே போனார். பார்த்தவர்களைப் படமாக வரைந்து, விவரத்தையும் எழுதி, "பசித்த வங்காளம்" என்ற சிறு புத்தகமாகக் கொண்டுவந்தார். அச்சான 5000 பிரதிகளையும் அரசு பறிமுதல் செய்து அழித்தது. அவர் குடும்பத்திடம் தப்பிய ஒரு பிரதியால்தான் இன்று நமக்கு அது கிடைக்கிறது.

இரண்டு வழியில் எது சரி? எனக்கு சித்தபிரசாத் பக்கம்தான் மனம் சாய்கிறது. அழித்தே ஆக வேண்டும் என்று ஒரு அரசு நினைத்த படங்கள் அவருடையவை. ஏட்டில் எழுத மறுத்த கணக்கை அவர் எழுதினார். ஆனால் கல்கத்தா குழுவை ஒதுக்கவும் முடியவில்லை. சித்தபிரசாத் 1943-ஐப் பதிவு செய்தார் என்றால், 1943-க்குப் பிறகு பழையபடி வரைய முடியாது என்று காட்டியவர்கள் இவர்கள். பஞ்சம் முடிந்த பிறகும் அந்த மாற்றம் இந்திய ஓவியத்தில் நிலைத்தது.

கண்காட்சியால் ஒரு பிடி சோறு வந்திருக்காது, உண்மை. பார்க்க வந்தவர்களில் பெரும்பாலோர் 37 ரூபாய்க்கும் அரிசி வாங்க முடிந்தவர்களாகவே இருந்திருப்பார்கள். ஒருவேளை அவர்கள்தான் பார்த்திருக்க வேண்டும். பசித்தவனுக்குப் பசியைப் படம் போட்டுக் காட்ட வேண்டிய அவசியம் இல்லையே!

கணக்குப் பதிவியலில் எங்களுக்குச் சொல்லித் தரும் முதல் பாடம், விட்டுப்போன பதிவு என்றைக்காவது ஒருநாள் தணிக்கையில் வெளிவரும் என்பது. 15 லட்சமா 30 லட்சமா என்று எண்களைப் பற்றி இன்னும் வாதம் நடக்கிறது. ஜைனுல் ஆபிதினின் அந்தக் காக்கையைப் பார்த்தவர்கள் யாரும் பஞ்சமே வரவில்லை என்று வாதாட மாட்டார்கள்.

நீங்கள் யார் பக்கம், நண்பர்களே?