புகைப்படக் கலைஞர் புகன்ற மொழிகள்

வரலாறு என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவன கல்வெட்டும் செப்பேடும் ஓலைச்சுவடியுமே. கல்லிலே உளி எழுதியது. ஓலையிலே எழுத்தாணி எழுதியது. 1839ஆம் ஆண்டிலே பாரிஸ் மாநகரில் டாகேர் என்பார் கண்ட முறை உலகறிய வெளியிடப்பட்ட நாள் தொட்டு, ஒளியும் எழுதத் தொடங்கிற்று. ஒளி எழுதிய அந்த ஏட்டையே நாம் புகைப்படம் என்கின்றோம். அவ்வேட்டை ஆக்கிய பெருங்கலைஞர் சிலர் தம் தொழிலைப் பற்றிக் கூறிச் சென்ற கருத்துகள், கமராவைக் கையால் தொட்டறியாதவர்க்கும் பயன் தருவன. அவற்றுள் சிலவற்றை எடுத்து, நம் யாழ்ப்பாணத்துத் தீவகத்தோடு பொருத்திப் பார்ப்பதே இன்றைய பேச்சின் நோக்கமாகும்.

முதலிற் கூறத்தக்கவர் ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார். இலங்கை வரலாறு படித்தோர் கோல்புறூக்–கமரன் சீர்திருத்தத்தை அறிவர். அந்தக் கமரனின் துணைவியாரே இவர். 1815இல் கல்கத்தாவில் பிறந்த இவ்வம்மையாருக்கு, 1863ஆம் ஆண்டின் இறுதியில் மகள் வீட்டார் ஒரு கமராவைப் பரிசாக அளித்தனர். அப்பொழுது அவருக்கு வயது 48. தாம் கற்ற கதையை அவரே பின்னாளில் எழுதிவைத்தார். கலையைப் பற்றி ஒன்றுமே அறியாது தொடங்கியதையும், முதற்படத்தைத் தம் கையே பட்டு அழித்துவிட்டதையும் அவர் மறைக்கவில்லை. கோழிக்கூடு அவருக்குப் படம் பிடிக்கும் கண்ணாடி அறையாயிற்று. கரி போட்டுவைத்த கொட்டில் இருட்டறையாயிற்று. அவ்வளவில் தொடங்கியவர், கவிஞர் தெனிசன், வானியலறிஞர் ஹேர்ஷல், அறிஞர் டார்வின் ஆகியோரின் திருமுகங்களை உலகுக்குத் தந்தார். வயது சென்றுவிட்டதே, வசதி இல்லையே என்று தயங்கி நிற்போர்க்கு இவ்வரலாறு ஒன்றே போதிய ஊக்கமாகும்.

1875இல் அவர் கணவருடன் இலங்கைக்கு வந்தார். 1879இல் மலைநாட்டிலே காலமாகி, பொகவந்தலாவையில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கே வாழ்ந்த காலத்திலும் அவர் சில படங்களை எடுத்தார். களுத்துறைக் குடியானவரையும் தோட்டத் தொழிலாளரையும் அவற்றிற் காணலாம். ஆயினும் ஒரு வேறுபாட்டை நாம் கவனித்தல் வேண்டும். இங்கிலாந்தில் அவர் படத்துக்கு இருந்த வீட்டுப் பணிப்பெண்ணின் பெயர் நமக்குத் தெரியும். இலங்கைப் படங்களிலே தோன்றுவோரோ பெரும்பாலும் குடியானவர், தொழிலாளர் என்ற பொதுப் பெயராலேயே அறியப்படுகின்றனர். முகம் இருக்கின்றது; கண்ணின் ஒளி இருக்கின்றது; பெயர் இல்லை. இந்தக் குறையை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

இரண்டாமவர் அமெரிக்கரான அல்பிரட் ஸ்டீக்லிட்ஸ். இவருடைய பெயர் நமக்கு அந்நியமானதன்று. பருத்தித்துறையை மூதூராகக் கொண்ட சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, பொஸ்ரன் நகர நுண்கலைக் காட்சிச்சாலையிலே கீழைத்தேயக் கலைகளின் பொறுப்பாளராக விளங்கியவர். புகைப்படம் கலையாகுமா, அன்றி வெறும் பொறியின் வேலையா என்று அறிஞர் வாதிட்டுக்கொண்டிருந்த காலம் அது. குமாரசுவாமி ஸ்டீக்லிட்ஸின் ஆற்றலை உணர்ந்து முயன்றதன் பயனாக, 1924இல் ஸ்டீக்லிட்ஸின் 27 படங்கள் அக்காட்சிச்சாலைக்கு வந்து சேர்ந்தன. அமெரிக்காவின் பெரிய காட்சிச்சாலைகளுள் புகைப்படத்தைக் கலைப்பொருளாக வரவேற்பதில் அது முன்னோடியாயிற்று. சிற்பத்தையும் சித்திரத்தையும் துருவி ஆராய்ந்த ஒரு தமிழ் மரபினரின் கண், கமராவின் ஆக்கத்திலும் கலையைக் கண்டது நமக்குப் பெருமை தருவதாகும்.

அந்த ஸ்டீக்லிட்ஸ் 1922 முதல் முகில்களைப் படம் பிடிக்கலானார். அவருடைய படங்களின் சிறப்பு அவருக்கு அமைந்த மனிதர்களால் வந்தது என்ற பேச்சு எழுந்ததே அதற்குக் காரணம். சிறப்பான பொருளோ சிறப்பான இடமோ தேவையில்லை என்று காட்ட அவர் விரும்பினார். முகில் எல்லார்க்கும் உரியது, அதற்கு இன்னும் எவரும் வரி விதிக்கவில்லை என்ற கருத்துப்பட அவர் நகைச்சுவையோடு எழுதினார்.

நேயர்களே, இக்கருத்து தீவகத்தாருக்கென்றே சொல்லப்பட்டது போலத் தோன்றவில்லையா? படம் பிடிக்க எங்களூரில் என்ன இருக்கிறது, பாலைநிலமும் பனையும் கடலுந்தானே என்று கூறும் இளைஞர் பலர். நெடுந்தீவிலே பவளக்கற்களைச் சாந்தின்றி அடுக்கி எழுப்பிய வேலிகளைப் பாருங்கள். அங்கே தன்னிச்சையாய்த் திரியும் குதிரைகளையும், அகன்ற அடியினதாகிய பெருக்குமரத்தையும் பாருங்கள். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே கடல் நடுவே நிற்கும் கோட்டையைப் பாருங்கள். குறிகட்டுவான் துறையிலிருந்து நயினாதீவுக்கு வள்ளமேறும் அடியவர் முகங்களைப் பாருங்கள். இவற்றின் மேலே கவிந்திருக்கும் வானத்திற்கும் வரி இல்லை. குறைந்திருப்பது காட்சியன்று, நின்று காணும் பொறுமையே.

அப்பொறுமையைப் போதித்தவர் இருவரைப் பற்றிச் சிறிது கூறுவேன். 1946இல் மார்கரெட் போர்க்–வைட் என்னும் அமெரிக்கப் பெண்மணி, காந்தியடிகள் இராட்டையருகே இருக்கும் காட்சியைப் படம் பிடிக்க வந்தார். உமக்கு நூற்கத் தெரியுமா என்று அடிகளின் செயலாளர் கேட்டார். தெரியாது என்றதும், இராட்டையின் பொருளை உணர வேண்டுமாயின் முதலில் நூற்கப் பழகும் என்று பணித்தார். அவரும் இராட்டைக்கு முன் அமர்ந்து பழகிய பின்னரே உள்ளே சென்றார். உலகப் புகழ் பெற்ற அந்தப் படம் அவ்வாறு கிடைத்ததே. மற்றவர் பிரான்சு நாட்டு ஆன்ரி கார்த்தியே–பிரெசோன். 1950 ஏப்ரல் மாதத்திலே திருவண்ணாமலையில் ரமண மகரிஷி உடல் நீத்த நாள்களில், ஆச்சிரமத்தில் அமைதியாகப் படம் எடுத்தவர் அவர். அறிவும் கண்ணும் இதயமும் ஒரே நேர்கோட்டில் வந்து பொருந்துவதே படமெடுத்தல் என்பது அவருடைய கொள்கை.

ஆழங்குறைந்த கடலிலே கம்பு நட்டு வலைகட்டி மீன் பிடிப்போரைப் படம் பிடிக்கப் புறப்படும் மாணவன், முதலில் அவர்களோடு ஒரு நாளாவது கடலுக்குச் செல்லட்டும். நீர் ஏறுவதும் வற்றுவதும் அவர்களுக்கு என்ன என்பதைக் கேட்டறியட்டும். கோயில் வீதியிலே அங்கப்பிரதட்சணம் செய்பவரைப் படம் பிடிக்க விரும்புபவன், அவருடைய வேண்டுதலின் கனத்தை உணரட்டும். அறியாமல் எடுத்த படம் வேடிக்கை பார்த்தலோடு நின்றுவிடும். அறிந்து எடுத்தது சான்றாகும். இது வரலாறு எழுதுவோர்க்கும் பொருந்தும் விதியன்றோ?

இறுதியாக டொறத்தியா லாங் என்னும் அமெரிக்கப் பெண்மணியிடம் வருகின்றேன். கமரா இன்றியே காண்பதற்கு மனிதரைப் பழக்கும் கருவியே கமரா என்பது அவர் பெயரால் வழங்கும் அரிய கருத்து. 1936இல், அமெரிக்காவின் பொருளாதார நெருக்கடிக் காலத்திலே, கலிபோர்ணியாவில் வேலையின்றி வாடிய ஒரு தாயையும் அவள் குழந்தைகளையும் அவர் படம் பிடித்தார். அந்தப் படம் வறுமையின் முகமாக உலகெங்கும் உலவியது. ஆயினும் அத்தாயின் பெயரைத் தாம் கேட்கவில்லை என்று லாங் பின்னர் எழுதினார். படம் எடுத்து 42 ஆண்டுகள் கழிந்த பின், 1978இலேதான் அவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தொம்சன் என்பவர் என உலகம் அறிந்தது. பெருங்கலைஞரின் கருத்து நமக்கு வழிகாட்டுவது போலவே, அவர் கேளாது விட்ட கேள்வியும் நமக்கு வழிகாட்டுகின்றது.

இங்கேதான் நம் தீவகம் தன் பழைய சான்றொன்றை முன்வைக்கின்றது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலே, 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. பேராசிரியர் கா. இந்திரபாலா அதனை ஆராய்ந்து 1963இல் கட்டுரை வெளியிட்டார். அந்நிய நாட்டார் ஊராத்துறையிலே வந்து தங்க வேண்டுமென்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படல் வேண்டுமென்றும் அது கூறுகின்றது. யானையும் குதிரையும் ஏற்றி வந்த மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரசுக்கு. மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிகப் பண்டம் ஏற்றி வந்த கலம் உடைந்தால் செம்பாதி அரசுக்கு, செம்பாதி உடையவனுக்கு. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையே. அந்தக் கல்லில் எழுத்து இல்லாதிருந்தால், அது எத்துணை பழமையானதாயினும் நமக்கு வெறுங்கல்லே. எழுத்து இருந்தமையால் எண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட துறைமுகம் ஒன்று தன் சட்டத்தோடு நம் முன் எழுந்து நிற்கின்றது.

பெயர் எழுதாத புகைப்படம் எழுத்தில்லாத கல் போன்றது. எங்கள் பாடசாலை அலுவலகத்துச் சுவரிலே பழைய ஆசிரியர் குழாத்தின் படமொன்று தொங்குகின்றது. தலைப்பாகையோடு நடுவில் இருப்பவரை ஊரவர் அறிவர். இரண்டாம் வரிசையில் நிற்போருள் இருவரின் பெயரைச் சொல்ல இன்று எவரும் இலர். ஒரு தலைமுறைக்கு எழுத்தறிவித்தவரின் பெயரை அடுத்த தலைமுறை இழந்துவிட்டது.

இது ஒரு பாடசாலையின் கதை மட்டுமன்று. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியுண்டபோது 97,000 அளவிலான நூல்களும் சுவடிகளும் அழிந்தன. 1990ஆம் ஆண்டையொட்டிய போரிலே தீவக மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். அரிசியையும் குழந்தையையும் தூக்கிக்கொண்டு புறப்பட்டவர்கள் சுவரிலே தொங்கிய படத்தை எவ்வாறு தூக்குவர்? உறுதியும் பிறப்புச் சான்றிதழும் பையிலே ஏறின. கலியாணப் படமும் பேரனாரின் படமும் வீட்டோடு தங்கின. வீடு போனபோது அவையும் போயின. எனவே எஞ்சியிருக்கும் ஒவ்வொரு படமும், கொழும்பிலே இருப்பினும் கனடாவிலே இருப்பினும், நம் வரலாற்றின் ஓரேடு என்று கருதத்தக்கது.

ஆதலால் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த வார இறுதியிலே வீட்டிலுள்ள பழைய படங்களை எடுத்து, ஊரிலேயே மூத்த ஒருவரின் அருகே அமருங்கள். இவர் யார், இது எந்த வீடு, எந்தத் திருவிழா என்று கேளுங்கள். படத்தின் பின்புறத்திலே மென்மையான பென்சிலால், இடமிருந்து வலமாகப் பெயர்களையும் ஊரையும் ஆண்டையும் எழுதுங்கள். பேனாவின் மை ஊறி முகத்தைக் கெடுக்கும். பென்சிலை அழுத்தினால் முன்புறத்தில் தடம் விழும். படத்தின் பிரதியொன்றை வேறோர் உறவினர் வீட்டிலும் வைத்திருங்கள். 2005 முதல் ஈழத்துத் தமிழ் ஆவணங்களை இணையத்திலே தொகுத்துவரும் ‘நூலகம்’ போன்ற முயற்சிகளுக்கும் கொடுத்துதவலாம். இக்காலத்தில் கைத்தொலைபேசியாலே நாள்தோறும் படமெடுக்கும் பிள்ளைகளுக்கும் இதே விதிதான். நூறு படம் எடுப்பதிலும், பத்துப் படத்துக்குப் பெயரிட்டு வைப்பது மேலானது.

பெருங்கலைஞர்களின் மொழிகளை மனனம் செய்வதனால் மட்டும் ஊக்கம் பிறவாது. கமரன் அம்மையார் போல, காலம் கடந்தாலும் தொடங்குவோம். ஸ்டீக்லிட்ஸ் போல, நம் தலைக்கு மேலுள்ளதையே பார்ப்போம். போர்க்–வைட் போல, பழகிய பின் அணுகுவோம். லாங் கேளாது விட்ட பெயரை நாம் கேட்போம். மூத்தவர்கள் நம்மோடு இருக்கும் போதே கேட்க வேண்டிய கேள்வி அது.