எர்பியம் ஒளியிழைப் பெருக்கி

எர்பியம் ஒளியிழைப் பெருக்கி, கண்ணாடி இழைவழியே செல்லும் ஒளிச் சைகையை மின்சாரமாக மாற்றாமல் ஒளியாகவே வலுவூட்டும் கருவி. 1987இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் உருப்பெற்றது. 1,530 முதல் 1,565 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களில் இது சிறப்பாக இயங்கும். இன்றைய கடலடி வடங்களும் நெடுந்தொலைவு நிலவழித் தடங்களும் பெரும்பாலும் இதை நம்பியே இயங்குகின்றன.

இதன் தேவையைப் புரிந்துகொள்ள இழையின் இழப்புக் கணக்கைப் பார்க்க வேண்டும். கிலோமீட்டருக்கு 20 டெசிபெல் அளவுக்கு இழப்பைக் குறைத்தால் கண்ணாடி இழை தொலைத்தொடர்புக்கு உதவும் என்று சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும் 1966இல் எழுதினார்கள். அன்றைய கண்ணாடியில் இழப்பு ஆயிரம் டெசிபெல் அளவில் இருந்தது. 1970இல் கார்னிங் நிறுவனம் 17 டெசிபெல்லைத் தொட்டது. 1979இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் 1,550 நானோமீட்டர் அருகே 0.2 டெசிபெல்லுக்கு இறக்கினார்கள். வியக்கத்தக்க தூய்மைதான். ஆனாலும் நூறு கிலோமீட்டரில் ஒளி நூறில் ஒரு பங்காகிவிடும். ஆயிரம் கிலோமீட்டர் இழையின் ஒரு முனையில் ஒரு மில்லிவாட் ஒளியைச் செலுத்தினால், மறுமுனைக்கு ஏறத்தாழ மூன்றரை மணி நேரத்துக்கு ஒரு ஃபோட்டான்தான் வந்துசேரும். சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே (இன்றைய பெயர் ஸ்ரீ விஜயபுரம்) 2020 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட வடம் அதைவிட நீண்ட தொலைவைக் கடக்கிறது. வழியில் பெருக்கிகள் இல்லாமல் அது சாத்தியமே இல்லை.

எர்பியத்துக்கு முன்பு சில பத்து கிலோமீட்டருக்கு ஒரு மீட்டுருவாக்கி வைத்தார்கள். அது வரும் ஒளியை மின்சாரமாக்கும், துடிப்புகளைச் சீர்செய்யும், புதிய லேசர் வழியே மீண்டும் அனுப்பும். 1988இல் அட்லாண்டிக்கைக் கடந்த முதல் ஒளியிழை வடமான டாட்-8 இப்படித்தான் இயங்கியது. ஒவ்வொரு மீட்டுருவாக்கியும் ஒரே தரவு வேகத்துக்கும் ஒரே அலைநீளத்துக்கும் கட்டுப்பட்டது. வேகத்தைக் கூட்ட வேண்டுமானால் கடலடியில் கிடக்கும் அத்தனை பெட்டிகளையும் மாற்ற வேண்டும், அதாவது புதிய வடமே போட வேண்டும்.

இழைக்குள் ஒளியைப் பெருக்கும் எண்ணம் பழையது. நியோடிமியம் கலந்த கண்ணாடி இழையைக் கொண்டு எலியாஸ் ஸ்னிட்சரும் சார்லஸ் கோஸ்டரும் 1964இலேயே அதைச் செய்துகாட்டினார்கள். அதை ஏற்க அன்று நல்ல இழையும் இல்லை, வலைப்பின்னலும் இல்லை. 1980களில் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெயின் குழுவினர் அருமண் தனிமங்களைக் குறைந்த இழப்புள்ள இழைக்குள் கலக்கும் வழியைக் கண்டார்கள். 1987இல் அவர்கள் எர்பியம் பெருக்கியை வெளியிட்டார்கள். அதே ஆண்டில் பெல் ஆய்வகத்தில் இம்மானுவேல் டெசுர்வீரும் அவருடைய சகாக்களும் தங்கள் பெருக்கியை அறிவித்தார்கள். பெருக்கிக்கு ஆற்றல் ஊட்ட அவர்கள் பயன்படுத்தியது மேசையை அடைக்கும் ஆர்கான் லேசர். அதைக் கடலுக்குள் இறக்க முடியாது. 1989இல் ஜப்பானின் மசதாகா நகாசவா குழு 1,480 நானோமீட்டர் லேசர் டையோடால் பெருக்கியை இயக்கிக் காட்டிய பிறகே அது நடைமுறைக் கருவியாயிற்று. கண்டுபிடிப்பாளர்களுக்குக் கிடைக்கும் புகழில் இந்தக் கடைசிப் படியின் பங்கு பெரும்பாலும் மறைந்துவிடுகிறது.

கருவியின் உடல் எளியது: எர்பியம் அயனிகள் சிறிதளவு கலந்த, சில மீட்டர் முதல் சில பத்து மீட்டர் வரை நீளமுள்ள இழைச் சுருள். 980 அல்லது 1,480 நானோமீட்டர் பம்ப் லேசர் அயனிகளை உயர் ஆற்றல் நிலைக்கு ஏற்றுகிறது. கடந்துபோகும் சைகையின் ஃபோட்டான் அங்கே காத்திருக்கும் அயனியைத் தூண்ட, அது தன் ஆற்றலை அதே அலைநீளத்தில், அதே கட்டத்தில் இன்னொரு ஃபோட்டானாக விடுகிறது. இப்படிச் சைகை நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு பெருகுகிறது.

எர்பியத்துக்கு இரண்டு நல்வாய்ப்புகள் அமைந்தன. அது ஒளி உமிழும் பட்டையும் சிலிக்கா இழையின் இழப்பு மிகக் குறைவாக உள்ள பட்டையும் ஒன்றே. மற்றொன்று பலரும் கவனிக்காதது, ஆனால் அதைவிட முக்கியமானது: அயனி உயர்நிலையில் ஏறத்தாழ 10 மில்லிநொடி தங்குகிறது. தரவுத் துடிப்புகளோ நானோநொடியைவிடக் குறுகியவை. துடிப்புக்குத் துடிப்பு பெருக்கம் ஏறியிறங்க அயனிகளுக்கு அவகாசமே இல்லை. ஆகவே ஓர் அலைநீளத்தில் ஓடும் செய்தியின் தடம் பக்கத்து அலைநீளத்தில் பதிவதில்லை. விரைவாக எதிர்வினை காட்டும் குறைக்கடத்திப் பெருக்கிகளில் இந்தக் கலப்பு பெரும் தொல்லை.

பல அலைநீளங்களை ஒரே இழையில் ஏற்றும் முறை பரவியது இதனால்தான். பத்துக் கணக்கான அலைநீளங்களை ஒரே பெருக்கி ஒரே வேளையில் வலுவூட்டும். எந்த வேகம், எந்தப் பண்பேற்றம் என்று அது கேட்பதில்லை. 1990களின் நடுவில் வந்த டாட்-12/13 வடம் எர்பியம் பெருக்கிகளோடு அமைந்தது. அதன்பின் கடலடியைத் தொடாமல் கரைக் கருவிகளை மட்டும் மாற்றி வடங்களின் கொள்ளளவைக் கூட்டும் வழி திறந்தது.

குறைகளும் உண்டு. தூண்டுதல் இல்லாமலே சில அயனிகள் ஒளியை விடுகின்றன. அந்த இரைச்சலும் சைகையோடு பெருகி, பெருக்கிக்குப் பெருக்கி சேர்ந்துகொண்டே போகிறது. உயர் பெருக்கத்தில், பெருக்கி சேர்க்கும் இரைச்சலை அளக்கும் இரைச்சல் எண் 3 டெசிபெல்லுக்குக் கீழே போக குவாண்டம் விதி இடம் தருவதில்லை. 980 நானோமீட்டர் பம்ப் அந்த எல்லையை நெருங்குகிறது. எல்லா அலைநீளங்களும் சமமாகப் பெருகுவதுமில்லை. அதனால் சமன்செய்யும் வடிகட்டிகள் சேர்க்கப்படுகின்றன.

இன்றைய ஆய்வை நகர்த்துவது மின்சாரத் தட்டுப்பாடு. நடுக்கடல் பெருக்கிகளுக்கான மின்சாரம் வடத்தின் கடத்தி வழியே கரையிலிருந்துதான் போக வேண்டும். நீண்ட வடங்களில் பத்தாயிரம் வோல்ட்டைத் தாண்டியும் அது போதுவதில்லை. தகவல் கோட்பாட்டின் ஷானன் விதிப்படி, ஓர் இழையில் திறனைக் கூட்டக் கூட்டக் கொள்ளளவு மடக்கை அளவிலேயே உயர்கிறது. இழைகளின் எண்ணிக்கையைக் கூட்டினாலோ நேர்விகிதத்தில் உயர்கிறது. எனவே புதிய வடங்கள் ஒவ்வோர் இழைக்கும் குறைந்த ஒளியைக் கொடுத்து, இழை இணைகளைப் பெருக்கி, பம்ப் லேசர்களைப் பல இழைகளுக்குப் பொதுவாக்குகின்றன. ஒரே இழையில் ஒளி செல்லும் உள்ளகங்கள் பலவற்றை வைத்து அவற்றைச் சேர்த்துப் பெருக்கும் முயற்சியும் நடக்கிறது. 2022இல் சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் சிலிக்கன் நைட்ரைடு சில்லில் எர்பியத்தைப் பதித்து, 30 டெசிபெல்லுக்கு மேல் பெருக்கம் எடுத்தார்கள்.

எர்பியம் எட்டாத பட்டைகளுக்குப் பிஸ்மத்தும் தூலியமும் சோதிக்கப்படுகின்றன. கிலோமீட்டருக்கு 0.1 டெசிபெல்லுக்கும் கீழே இழப்பு எட்டப்பட்ட வெற்றுள்ளக இழைகள் பரவினால் பெருக்கிகளுக்கு இடையேயான தொலைவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். சவுத்தாம்ப்டன் குழு அந்த இழைகளிலும் முன்னணியில் நிற்கிறது.