பாராபுல்லா நாலாவும் மதராஸி கேம்ப்பும்: யமுனையைச் சுத்தம் செய்த கதை

தில்லிக்கு வந்து சேரும் தமிழர்கள் சீக்கிரமே கற்றுக்கொள்ளும் இந்திச் சொற்களில் ஒன்று 'நாலா'. சாக்கடை என்று மொழிபெயர்த்தால் முழு அர்த்தம் வராது. ஒரு காலத்தில் மழைநீர் ஓடிய ஓடைகள்தான் இன்று நாலாக்கள். அப்படி ஒன்று, நிஜாமுதீன் பக்கம் ஓடி யமுனையில் விழும் பாராபுல்லா. ஜஹாங்கீர் காலத்தில் அதன் மேல் கட்டிய கல் பாலம் இன்றும் நிற்கிறது. பன்னிரண்டு தூண்கள் இருப்பதால் பாலத்துக்கு அந்தப் பெயர், பாலத்தால் ஓடைக்கும் அதே பெயர்.

அந்த நாலாவின் கரையில், ஜங்புராவில், மதராஸி கேம்ப் இருந்தது. அறுபதுகளின் கடைசியில் பிழைப்புத் தேடி ரயிலேறி வந்த தமிழ்நாட்டுக்காரர்கள் உருவாக்கிய குடியிருப்பு. நம்மில் பலர் வேலை உத்தரவோடு வந்தோம். அவர்கள் கையை மட்டும் நம்பி வந்தார்கள். பெண்கள் போகல், லாஜ்பத் நகர், நிஜாமுதீன் வீடுகளில் பாத்திரம் தேய்த்தார்கள், சமைத்தார்கள். ஆண்கள் கிடைத்த வேலைக்குப் போனார்கள். 2025 ஜூன் 1ஆம் தேதி காலை புல்டோசர்கள் வந்தன. அன்றே ஏறக்குறைய எல்லாம் தரைமட்டம். காரணம், பாராபுல்லா நாலாவைத் தூர்வார வேண்டும். தில்லி உயர்நீதிமன்றத்தின் மே 9ஆம் தேதி உத்தரவு அது.

செய்தி வந்தபோது நம்மூர் வாட்ஸப் குழுக்களில் இரண்டு விதமாகப் பேசினார்கள். "ஐயோ பாவம்" என்பது ஒன்று. "ஆக்கிரமிப்புதானே, சாக்கடையை அடைத்தால் விடுவார்களா?" என்பது இன்னொன்று. இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் வரலாறு பார்க்க வேண்டும். பதிவு நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எமர்ஜென்சி. 1975லிருந்து 1977க்குள் தில்லி நகரத்தின் நடுவிலிருந்து சுமார் 7 லட்சம் பேரை அப்புறப்படுத்தி, திரிலோக்புரி, சீமாபுரி, மங்கோல்புரி, ஜஹாங்கீர்புரி என்று ஊர் ஓரங்களில் குடியமர்த்தினார்கள். அன்றைக்குச் சொன்ன காரணம் 'நகரத்தை அழகுபடுத்துதல்'. சுற்றுச்சூழல் என்ற சொல் அப்போது இந்த வேலைக்குப் பயன்படவில்லை. அது வந்தது தொண்ணூறுகளில்.

எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1996 ஜூலையில் உச்சநீதிமன்றம் தில்லியின் 168 அபாயகரமான ஆலைகளை நவம்பர் மாதத்துக்குள் மூடச் சொன்னது. தில்லியின் காற்று மோசமாக இருந்தது உண்மை, ஆலைகள் புகை கக்கியதும் உண்மை. ஆனால் அந்தப் புகையை முதலில், மிக அருகில் சுவாசித்தவர்கள் தொழிலாளிகள். மூடும்போது வேலை போனதும் அவர்களுக்கே. இழப்பீடு கொடுக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் முதலாளியின் பதிவேட்டில் பெயர் இருந்தால்தானே இழப்பீடு? ஒப்பந்தக்கூலிக்கும் தினக்கூலிக்கும் ஏது பதிவேடு? 2000 நவம்பரில் குடியிருப்புப் பகுதிகளில் இருந்த சிறு பட்டறைகளை மூடக் கிளம்பியபோது தொழிலாளிகள் தெருவில் இறங்கினார்கள். தில்லியே ஸ்தம்பித்தது.

அதே 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் இன்னொரு தீர்ப்பு. அல்மித்ரா பட்டேல் தொடுத்த அந்த வழக்கு குப்பை மேலாண்மை பற்றியது. ஆனால் தீர்ப்பு குடிசைகள் பக்கம் திரும்பியது. பொது நிலத்தை ஆக்கிரமித்தவருக்கு இலவசமாக மாற்று இடம் கொடுப்பது பிக்பாக்கெட்காரனுக்குப் பரிசு கொடுப்பது போன்றது என்ற கருத்து அதில்தான் வந்தது. 1985இல் மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில், பிழைப்புக்கான உரிமையும் உயிர்வாழும் உரிமையில் அடக்கம் என்று சொன்னதும் இதே உச்சநீதிமன்றம்தான். பதினைந்தே வருடத்தில் பார்வை எப்படி மாறிவிட்டது பாருங்கள்.

அடுத்து யமுனைக் கரை. ஐடிஓ பாலத்துக்கு இரண்டு பக்கமும் இருந்த யமுனா புஷ்தா குடிசைகளில் லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்தார்கள். 2003 மார்ச்சில் கரையைக் காலி செய்ய தில்லி உயர்நீதிமன்றம் உத்தரவு போட்டது. 2004இல் சில மாதங்களில் எல்லாம் தரைமட்டம். நதியை இவர்கள் அசுத்தப்படுத்துகிறார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு.

இங்கேதான் கணக்குப் பார்க்க வேண்டும். யமுனை சுமார் 1,376 கிலோமீட்டர் ஓடுகிறது. வஜீராபாத்திலிருந்து ஓக்லா வரை தில்லியில் ஓடுவது 22 கிலோமீட்டர், அதாவது 2 சதவீதத்துக்கும் குறைவு. நதியின் மொத்த அசுத்தத்தில் பெரும்பங்கு சேர்வது இந்த 22 கிலோமீட்டரில்தான். சேர்ப்பது நாலாக்கள், அவற்றில் பெரியது நஜப்கட் நாலா. நாலாவில் ஓடுவது என்ன? நம் எல்லோர் வீட்டுக் கழிவுநீர். ஃப்ளஷ் இருக்கும் வீடு ஒரு நாளில் சாக்கடைக்கு அனுப்பும் தண்ணீர் எவ்வளவு, குழாயே இல்லாமல் குடத்தில் தண்ணீர் பிடிக்கும் குடிசை அனுப்புவது எவ்வளவு என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். புஷ்தா இடிக்கப்பட்டு இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. சத் பூஜை சமயத்தில் ஓக்லா, காளிந்தி குஞ்ச் பக்கம் மிதக்கும் வெள்ளை நுரையை டிவியில் வருடா வருடம் பார்க்கிறோமே, நதி சுத்தமாகிவிட்டதா?

சரி, ஏழைகள் கரையில் இருக்கக்கூடாது என்றால் யாருமே இருக்கக்கூடாது அல்லவா? 2010 காமன்வெல்த் போட்டிக்கான விளையாட்டு வீரர் கிராமம் இதே யமுனைக் கரையில்தான் எழுந்தது. அதை எதிர்த்து வழக்கு நடந்தது. 2009இல் உச்சநீதிமன்றம், அந்த இடம் ஆற்றுப்படுகையும் இல்லை, வெள்ளச் சமவெளியும் இல்லை என்று சொல்லி அனுமதித்துவிட்டது. நாம் குடும்பத்தோடு சோளே பட்டூரே சாப்பிடப் போகும் ஐஎன்ஏ தில்லி ஹாட், 1994இல் மூடப்பட்ட ஒரு நாலாவின் மேல் அமைக்கப்பட்டது. பாராபுல்லாவுக்கே வருவோம். 2010 போட்டிகளுக்காகக் கட்டிய மேம்பாலச் சாலையின் தூண்கள் அந்த நாலாவின் தடத்தை ஒட்டியே நிற்கின்றன. கான்கிரீட் போட்டால் வளர்ச்சி, தகரம் போட்டால் ஆக்கிரமிப்பு. ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு என்பது இதுதான். சமூகவியலாளர் அமிதா பாவிஸ்கர் இதற்கு 'பூர்ஷ்வா சூழலியம்' என்று பெயரே வைத்திருக்கிறார். வசதியானவர்களின் கண்ணுக்கு அசிங்கமாகத் தெரிவது மாசு, அவர்களுக்கு வசதியாக இருப்பது மாசு இல்லை.

அப்புறப்படுத்தியவர்களை எங்கே அனுப்பினார்கள் என்பது இன்னும் பெரிய வேடிக்கை. புஷ்தாவிலிருந்து போனவர்களில் ஒரு பகுதிக்குத்தான் மனை கிடைத்தது. பவானா மாதிரி இடங்களில் கொடுத்த மனையின் அளவு 18 சதுர மீட்டர், இல்லையென்றால் 12.5 சதுர மீட்டர். நம் வீட்டுப் படுக்கையறை அளவு! 2000ஐ ஒட்டி நகரின் பல பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டவர்களை பல்ஸ்வாவில் குடியமர்த்தினார்கள். பக்கத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? 1994 முதல் தில்லியின் குப்பை கொட்டப்படும் பல்ஸ்வா குப்பை மலை. குப்பையிலிருந்து ஒழுகும் சாறு நிலத்தடி நீரில் இறங்கி, கைப்பம்பில் மஞ்சள் தண்ணீர் வந்தது. 2022 ஏப்ரலில் அந்த மலை தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. சுற்றுச்சூழலைக் காக்க என்று சொல்லி அகற்றியவர்களை, நகரத்திலேயே மோசமான சூழலில் கொண்டுபோய் வைத்தார்கள்.

இதற்கு நடுவில் நல்லதும் நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். 2010இல் சுதாமா சிங் வழக்கிலும் 2019இல் அஜய் மாக்கன் வழக்கிலும் தில்லி உயர்நீதிமன்றம், குடிசைவாசிகளைக் குற்றவாளிகளாகப் பார்க்கக்கூடாது, கணக்கெடுத்து மறுவாழ்வுக்கு வழி செய்யாமல் அகற்றக்கூடாது என்று சொன்னது. 2015இல் தில்லி அரசின் மறுவாழ்வுக் கொள்கையும் வந்தது. மதராஸி கேம்ப் மக்களுக்கு வீடு கிடைக்கும் என்று பேச முடிந்ததே இதனால்தான்.

ஆனால் யாருக்குக் கிடைத்தது? 370 குடும்பங்களில் தகுதி உண்டு என்று உத்தரவில் கணக்கு வந்தது 189 குடும்பங்களுக்கு. பிறகு இன்னும் சிலரைச் சேர்த்தாலும், பெரும் எண்ணிக்கையில் குடும்பங்கள் விடுபட்டன. தகுதி என்பது எத்தனை வருடம் வாழ்ந்தார்கள் என்பதில் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. குறிப்பிட்ட தேதிக்கு முந்தைய ஆவணம் வேண்டும், வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். தமிழ்ப் பெயரை இந்திக்காரர் காதில் கேட்டு எழுதினால் ரேஷன் கார்டில் ஒரு விதம், ஆதாரில் இன்னொரு விதம் வரும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். நமக்கு அது ஒரு நாள் அலைச்சல். அவர்களுக்கு அது வீடு.

கிடைத்த வீடும் நரேலாவில். ஜங்புராவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். காலை ஏழு மணிக்கு லாஜ்பத் நகர் வீட்டில் பாத்திரம் தேய்க்க வேண்டிய பெண் எத்தனை மணிக்குக் கிளம்புவது? பிள்ளைகள் விஷயம் இன்னும் நமக்கு நெருக்கமானது. கேம்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தது தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி. அந்தக் கழகத்துக்குத் தில்லியில் ஏழு பள்ளிகள், ஒன்றுகூட நரேலாவில் இல்லை. ஊர் திரும்ப விரும்புவோருக்கு உதவுவதாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது, நல்லதுதான். ஆனால் இங்கேயே பிறந்து வளர்ந்த மூன்றாம் தலைமுறைக்கு எது ஊர்?

நாலாவைத் தூர்வார வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. 2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டர் தொட்டு, 1978இன் சாதனையை உடைத்தது. நாலா அடைத்தால் முதலில் நனைவது நாலாக்கரைக் குடிசைதான். சுத்தமான நாலா அவர்களுக்கும்தான் வேண்டும். எழுபதுகளிலிருந்து திரும்பத் திரும்ப நடப்பது ஒன்றுதான். அசுத்தம் எல்லோருடையது, சுத்தம் செய்யும் செலவு மட்டும் ஏழையுடையது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று நம் பாட்டிகள் சும்மா சொல்லவில்லை.

நாம் செய்யக்கூடிய சின்ன வேலைகள் உண்டு. உங்கள் வீட்டில் வேலை செய்பவர் குடிசைப் பகுதியில் இருந்தால், அவருடைய வாக்காளர் அட்டையிலும் ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பாருங்கள். இல்லையென்றால் திருத்த விண்ணப்பம் போட்டுக் கொடுங்கள். பழைய மின்கட்டண ரசீதையும் பாஸ்புக்கையும் ஸ்கேன் செய்து வைத்துக் கொடுங்கள். கணக்கெடுப்புக்காரர் வரும் நாளில் அந்தக் காகிதம்தான் பேசும்.

மும்பை, பெங்களூர், கொல்கத்தா நண்பர்களே, உங்கள் ஊரிலும் ஒரு நாலா இருக்கும், அதன் கரையில் நம்மவர்கள் இருப்பார்கள். அவர்கள் கதையை எழுதுங்கள். மதராஸி கேம்ப்புக்கு ஐம்பது வருட வரலாறு இருந்தது, ஆனால் அதைப் பற்றி நம்மில் யாராவது எழுத ஆரம்பித்தது இடித்த பிறகுதான்.