துனிஸ் நகர வாயிலில் ஓர் அந்நியர்
இப்னு பதூதாவின் முதற் பயணமும் மத்தியகால நகரங்களின் வரவேற்பு மரபும்

மத்தியகால உலகின் வரலாற்றை ஆராய்வோர்க்குக் கல்வெட்டுக்களும் அரச ஆவணங்களும் பயன்படுவது போலவே பயணிகள் விட்டுச்சென்ற குறிப்புக்களும் பயன்படுகின்றன. இக்குறிப்புக்களை நாடிய ஆய்வாளர் பெரும்பாலும் அரசரின் பெயர்களையும், துறைமுகங்களின் நிலையையும், வணிகப் பண்டங்களின் விபரங்களையுமே அவற்றிலே தேடினர். இலங்கை வரலாறு பயிலும் மாணவர் இப்னு பதூதாவை அறிந்திருப்பதும், 1344 ஆம் ஆண்டில் அவர் ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டு உரையாடியமை பற்றிய குறிப்பினாலேயாம். ஆயினும் பயண நூல்கள் விடையளிக்கக்கூடிய வேறொரு வினாவும் உண்டு. தன்னை அறிந்தவர் ஒருவரேனும் இல்லாத நகரொன்றினை ஒரு தனி மனிதன் அடையும் நாளில், அந்நகரம் அவனை எவ்வாறு ஏற்றுக்கொண்டது என்பதே அவ்வினா. இப்னு பதூதா 1325 ஆம் ஆண்டில் துனிஸ் நகரை அடைந்த நாள் இவ்வினாவை ஆராய்வதற்குத் தக்க சான்றாக அமைகின்றது.

தாஞ்சியரிலிருந்து துனிஸ் வரை

மொரோக்கோவின் வடகரையிலுள்ள தாஞ்சியர் நகரில் 1304 ஆம் ஆண்டிற் பிறந்த இப்னு பதூதா, மார்க்கச் சட்டத்திற் பயிற்சியுடைய குடும்பத்தைச் சேர்ந்தவர். 1325 ஆம் ஆண்டு யூன் மாதம் 14 ஆம் திகதி, தமது இருபத்தோராவது வயதில், ஹஜ் யாத்திரை கருதி அவர் வீட்டை விட்டுப் புறப்பட்டார். அப்போது பெற்றோர் இருவரும் உயிருடன் இருந்தனர். உடன்செல்லத் தோழர் எவரும் இருக்கவில்லை. சேர்ந்து செல்வதற்கு வணிகக் கூட்டமும் வாய்க்கவில்லை.

வழியில் அவருக்குத் துணை கிடைத்தது. துனிஸ் சுல்தானின் தூதராகத் திலெம்சென் நகருக்கு வந்து திரும்பிக்கொண்டிருந்த இருவரை அவர் மில்யானாவிற் சென்றடைந்தார். கோடையின் வெம்மையால் அவ்விருவரும் நோயுற்றனர். அவருள் ஒருவரான காதி வழியிலேயே இறந்தார். இப்னு பதூதா துனிஸ் வணிகர் சிலருடன் கூடிப் பயணத்தைத் தொடர்ந்தார். அல்ஜியர்ஸ் நகருக்கு வெளியே அவர்கள் தங்கியிருந்தபோது, எஞ்சிய தூதரான அல்-சுபைதியும் இறந்த காதியின் மகனும் வந்து சேர்ந்துகொண்டனர்.

பிஜாயா நகரிலே இப்னு பதூதாவைக் காய்ச்சல் பற்றியது. குணமாகும் வரை தங்குமாறு கூறப்பட்டபோது, இறப்பு நேருமாயின் அது மக்காவை நோக்கிய வழியிலேயே நேரட்டும் என மறுத்துவிட்டார். அதன்மேல், வாகன விலங்கையும் பாரமான பொருள்களையும் விற்றுவிடுமாறு அல்-சுபைதி அறிவுறுத்தி, வேறொரு விலங்கையும் கூடாரத்தையும் இரவலாகக் கொடுத்தார். கொன்ஸ்தந்தீன் நகரின் புறத்தே மழையில் நனைந்து அழுக்கேறிய அவரது உடைகளைக் கண்ட ஆளுநர், அவற்றைத் துவைப்பித்ததோடு, புதிய மேலாடையொன்றின் முனையில் இரு பொற்காசுகளை முடிந்து கொடுத்தனுப்பினார். தமது பயணத்திற் பெற்ற முதற் கொடை இதுவே என அவர் நினைவுகூர்கின்றார். இறுதிக் கட்டத்திலே காய்ச்சலின் கடுமையால் விழுந்துவிடாதிருக்கத் தலைப்பாகைத் துணியினால் தம்மைச் சேணத்தோடு கட்டிக்கொண்டு சென்றார்.

வழித்துணையும் இரவலும் கொடையும் பெற்று வந்தவர் என்பதால் அவர் முற்றிலும் தனித்தவராக வந்தார் எனக் கூறுதல் பொருந்தாது. ஆயினும் அவர் எத்துணை தனித்தவர் என்பது வழியிலன்றி நகர வாயிலிலேயே வெளிப்பட்டது.

வாயிலில் நிகழ்ந்தது

பயணிகள் வருவதை அறிந்த துனிஸ் மக்கள் அல்-சுபைதியையும் காதியின் மகனையும் எதிர்கொள்ள நகருக்கு வெளியே வந்தனர். எல்லாப் பக்கமும் சலாம் கூறுவோரும் நலம் உசாவுவோருமாக நின்றனர். இப்னு பதூதாவை அறிந்தவர் எவரும் அங்கில்லாமையால் அவருக்கு எவரும் சலாம் கூறவில்லை. தனிமையின் துயர் தாங்காது அவர் கண்ணீர் விட்டழுதார். யாத்திரிகருள் ஒருவர் அதன் காரணத்தை உணர்ந்து, அருகே வந்து சலாம் கூறி, நகரினுள் நுழையும் வரை பேசி ஆறுதலளித்தார். பின்னர் அவர் நூல் விற்போர் மதரசா எனப்பட்ட கல்விக்கூடத்திலே தங்கினார். முதல் நாள் பற்றி அவர் தரும் செய்தி இவ்வளவே.

இச்செய்தியை எவ்வளவு நம்பலாம் என்பது முதலில் நோக்கற்பாலது. 'ரிஹ்லா' எனப்படும் அவரது நூல் நாள்தோறும் எழுதப்பட்ட குறிப்பேடன்று. பயணங்களெல்லாம் முடிந்தபின், மொரோக்கோ சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி அவர் கூற, இப்னு ஜுஸய் என்ற எழுத்தறிஞர் எழுதி 1355 ஆம் ஆண்டில் நிறைவு செய்தது. இடங்களின் வருணனைகள் பல இப்னு ஜுபைரின் முந்திய நூலிலிருந்து எடுக்கப்பட்டவை. இப்னு பதூதா கூறியவற்றை அவர் காலத்து மக்களே ஐயுற்றனர் என்பதை இப்னு கல்தூனும் குறிப்பிட்டுள்ளார். எனினும் துனிஸ் வாயிற் செய்தி பிறநூலிலிருந்து எடுக்கப்பட்ட வருணனையின் இயல்புடையதன்று. தம் பெருமைக்கு உதவாத ஒரு நிகழ்ச்சியை, பல நாடுகளிற் காதியாகப் பணியாற்றி முதிர்ந்த ஒருவர், முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் மறவாது கூறியிருக்கின்றார். அதனைக் கேட்டெழுதிய இப்னு ஜுஸய்யும், ஸ்பெயின் நாட்டு ஊரொன்றிலே பெருநாட் தொழுகையின்பின் தம் ஆசிரியருக்கு நேர்ந்த இதையொத்த அனுபவத்தை அவ்விடத்திற் சேர்த்துள்ளார். அந்நியர்க்கு வாய்க்காத சலாம் அக்காலக் கற்றோர் பலரும் அறிந்த துயராக இருந்தமை இதனாற் புலப்படுகின்றது.

துனிஸ் மக்களைக் கல்நெஞ்சர் எனக் கொள்ளுதலும் தவறாகும். இறந்த காதியின் மகன் தந்தையை இழந்து திரும்பிய நாள் அது. வாயிலிற் கூடியோர் மகிழ்ச்சியோடு துக்கம் விசாரிக்கவும் வந்திருத்தல் கூடும். சலாத்துக்கு மறுமொழி கூறுதல் கடமை. அதனை முந்திக் கூறுதல் நற்செயல். அறிந்தோர்க்கும் அறியாதோர்க்கும் சலாம் கூறுதல் சிறந்தது என்பது நபிமொழி. நெறி அவ்வாறு இருப்பினும், மனிதரின் கண் அறிந்த முகத்தையே முதலில் தேடுகின்றது. நெறிக்கும் வழக்கத்துக்கும் இடையிலான இவ்விடைவெளியிலேதான் அந்நியர் ஒருவர் அன்று நின்றார்.

நகரம் அளித்த இடம்

துனிஸ் அந்நியரைக் காணாத நகரன்று. 1229 ஆம் ஆண்டில் அபூ சகரிய்யா அல்மொஹாத் பேரரசிலிருந்து பிரிந்து நிறுவிய ஹப்ஸிய அரசின் தலைநகர் அது. கொர்தோபா 1236 இலும், வலென்சியா 1238 இலும், செவில் 1248 இலும் கிறித்தவ மன்னர் வசமாகியபோது அந்நகர்களை விட்டு வந்த குடும்பங்கள் பல துனிசிற் குடியேறின. இப்னு பதூதா அங்கு வந்து ஏழு ஆண்டுகளின் பின்னர், 1332 இல் அந்நகரிற் பிறந்த இப்னு கல்தூன் அத்தகைய செவில் குடும்பமொன்றின் வழித்தோன்றலாவார். ஜெனோவா, பீசா, வெனிஸ் முதலிய நகர்களின் வணிகர்க்குத் தனித்தனியே தங்குமனைகள் இருந்தன. அகதிக்குத் தன் உறவினரின் தெருவும், வணிகனுக்குத் தன் நாட்டாரின் மனையும் புகலிடங்களாயின.

தனியாக வந்த மொரோக்கோ இளைஞருக்கு அத்தகைய புகலிடம் மதரசாவே. பாக்தாத்தில் 1067 இல் நிசாமிய்யா திறக்கப்பட்ட காலந்தொட்டுக் கிழக்கிலே பரவிய மதரசா அமைப்பு, பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஹப்ஸியர் ஆதரவுடன் துனிசில் வேரூன்றியது. பாடம் கேட்கும் மண்டபத்தோடு மாணவர் உறையும் அறைகளும் அதன் பகுதியாயின. வக்புச் சொத்துக்களின் வருமானம் அதன் செலவுகளைத் தாங்கியது. வட ஆபிரிக்கா எங்கணும் நிலவிய மாலிக்கீ சட்ட மரபில் அவர் பயின்றவர். அரபு மொழி அறிந்தவர். ஆதலின் அவருடைய பெயரை அறியாத நகரம் அவருடைய கல்வியை அறிந்திருந்தது. அவ்வாண்டு செப்டெம்பர் 10 ஆம் திகதியளவில் வந்த நோன்புப் பெருநாளின்போது அவர் துனிசிலேயே இருந்தார். சில வாரங்களின் பின் மக்கா நோக்கிப் புறப்பட்ட யாத்திரைக் கூட்டத்துக்கு அவர் காதியாக நியமிக்கப்பட்டார். வாயிலிற் சலாம் பெறாது அழுதவர், அந்நகரை விட்டுச் சென்றபோது ஒரு கூட்டத்தாரின் வழக்குகளைத் தீர்க்கும் நிலையிற் சென்றார். இம்மாற்றத்தைத் தனிமனிதரின் துணிவினால் மட்டும் விளக்குதல் இயலாது. சட்டக் கல்வி ஓர் ஊரில் பெற்ற மதிப்பை மற்றோர் ஊரிலும் செல்லுபடியாக்கிய சமூக ஒழுங்கே அதனைச் சாத்தியமாக்கியது.

பிற நகரங்கள்

பின்னர் அவர் கண்ட நகரங்களும் இவ்வொழுங்கின் பல வடிவங்களைக் காட்டுகின்றன. 1326 இல் அவர் அடைந்த டமஸ்கசிலே, வழிப்போக்கரின் உணவுக்கும் உடைக்கும் ஊர்திரும்பும் செலவுக்கும் எனத் தனி வக்புக்கள் இருந்தன. கிழக்காபிரிக்கக் கரையிலுள்ள மொகதிசுவில், கப்பல் நங்கூரமிட்டதும் உள்ளூர் இளைஞர் சிறு படகுகளில் உணவுத் தட்டுக்களுடன் வந்து, ஒவ்வொரு வணிகரையும் தத்தம் விருந்தினர் என அழைத்துச் சென்றனர். அவ்வணிகரின் கொடுக்கல் வாங்கல் யாவும் அவ்விருந்தளிப்போர் வழியாகவே நடைபெற்றன. அங்கே விருந்தோம்பல் வணிக ஏற்பாடாகவும் அமைந்தது. அனத்தோலியாவின் லாதிக் நகர்க் கடைவீதியில், மொழி தெரியாத சிலர் அவரது குதிரையின் கடிவாளத்தைப் பற்றினர். வேறு சிலர் வந்து கத்தியை உருவி அவர்களோடு சண்டையிட்டனர். கள்வர் என அஞ்சியவருக்கு, அவர்கள் 'அகி' எனப்படும் இளைஞர் சங்கத்தின் இரு பிரிவினர் என்பதும், விருந்தினரை எவர் அழைத்துச் செல்வது என்பதே பிணக்கு என்பதும், அரபு அறிந்த ஒருவர் விளக்கிய பின்னரே புலனாயின. துனிசில் எவரும் அணுகாமையால் அழுதவர், லாதிக்கிற் பலரும் அணுகியமையால் அஞ்சினார். வருபவர் நகரின் வழக்கத்தை அறியாதவிடத்து வரவேற்பும் அச்சுறுத்தலாகத் தோன்றும் என்பதற்கு இது சான்று.

1344 இல் மாலைதீவிலிருந்து வந்தபோது காற்றினால் அவரது கப்பல் இலங்கைக் கரையை அடைந்தது. ஆரியச்சக்கரவர்த்தியின் துறைமுகத்திற் புக மாலுமிகள் அஞ்சினர். இப்னு பதூதா தாமே முதலில் இறங்கி, மஃபர் சுல்தானின் உறவினர் எனத் தம்மை அறிமுகஞ் செய்தார். பத்தளாவில், அதாவது புத்தளத்தில், அரசன் அவரை அருகிருத்தி உபசரித்தான். பாரசீக மொழியை அவன் அறிந்திருந்தான். பாவா ஆதம் மலையைத் தரிசிக்க அவர் விரும்பியபோது பல்லக்கும், யோகியர் நால்வரும், பிராமணர் மூவரும், வேறு துணைவரும், உணவு சுமப்போரும் அளிக்கப்பட்டனர். இங்கு மதரசாவோ வக்போ துணைசெய்யவில்லை. கறுவாவும் முத்தும் கடந்து சென்ற கடல்வழியில், அண்டை அரசனின் உறவினர் என்ற சொல்லும் ஒரு பொதுமொழியும் சமய வேறுபாட்டைக் கடக்கப் போதுமாயின.

ஏற்பின் எல்லைகள்

இவ்வொழுங்கினை மிகைப்படுத்தலும் ஆகாது. கற்றவர், ஆண்மகன், சட்டம் அறிந்தவர் என்ற தகைமைகளே அவருக்குக் கதவுகளைத் திறந்தன. பிற்காலப் பயணங்களில் அடிமைகளும் அவருடன் சென்றனர். அதே வாயில்களின் வழியே நுழைந்த அவர்களுடைய முதல் நாள் எவ்வாறிருந்தது என்பதை எந்நூலும் கூறவில்லை. கல்வியற்ற கூலியாளும், விற்கப்பட்டு வந்த பெண்ணும் இத்தகைய நூலொன்றினை எழுதிவைக்கும் நிலையில் இருக்கவில்லை. பயண இலக்கியத்தைச் சான்றாகக் கொள்ளும் வரலாற்றாசிரியர் இம்மௌனத்தையும் கணக்கிலெடுத்தல் வேண்டும்.

தகைமையுடையவருக்கும் தனிமை முற்றாக நீங்கியதில்லை. சீனாவில் அவர் சென்ற இடங்கள் எவை என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் அந்நாட்டின் வளத்தைப் புகழும் அவரே, அங்கே மனம் பொருந்தாது பெரும்பாலும் வீட்டினுள்ளேயே இருந்ததாகக் கூறுகின்றார். கன்ஜன்பூ என அவர் குறிப்பிடும் நகரிலே, தாஞ்சியருக்கு அண்மையிலுள்ள சியூத்தாவைச் சேர்ந்த அல்-புஷ்ரி என்பவரைக் கண்டபோது இருவரும் அழுதனர். துனிசில் அறிந்த முகம் இன்மையால் வந்த கண்ணீர், சீனாவில் அறிந்த ஊரின் முகத்தைக் கண்டமையால் வந்தது.

மதரசாக்களும் வக்புக்களும் இளைஞர் சங்கங்களும் அந்நியருக்கு உணவும் உறையுளும் தொழிலும் அளித்தன. அவை மத்தியகால நகர வாழ்வின் பெருஞ்சாதனைகள் என்பதில் ஐயமில்லை. எனினும் துனிஸ் வாயிலில் அழுதவரை மதரசாவின் அறை வரை கொண்டு சேர்த்தது ஒரு மனிதரின் சலாமாகும். தாம் சந்தித்த காதிகளினதும் அரசர்களினதும் பெயர்களை நிரல்பட வைத்த இப்னு பதூதா, அந்த யாத்திரிகரின் பெயரைக் கூறவில்லை. பெயரறியாத ஒருவர் பெயரறியாத மற்றொருவருக்குக் கூறிய அச்சலாத்துக்குக் கல்வெட்டோ வக்புப் பத்திரமோ இல்லை. பயனடைந்தவரின் நினைவே அதற்குரிய ஒரே சான்றாக எஞ்சியுள்ளது.