முடிவுப் பட்டியலின் இரண்டாம் வரிசை: இந்திய மாரத்தானின் நூறாண்டு

மும்பை மாரத்தானின் முடிவுகள் ஆண்டுதோறும் இரு வரிசைகளாக வெளியாகின்றன. முதல் வரிசையில் உலக நாடுகளின் முன்னணி ஓட்டவீரர்கள். இரண்டாம் வரிசையில் இந்தியர்கள் மட்டும். 2024 ஜனவரியில் முதல் வரிசையில் வென்றவர் எத்தியோப்பியாவின் ஹெய்லே லெமி. அவர் எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 7 நிமிடம் 50 நொடி. இந்தியர் வரிசையில் முதலிடம் பெற்ற ஸ்ரீனு புகாதாவின் நேரம் 2:17:29. லெமி எல்லைக்கோட்டைத் தொட்டபோது புகாதா ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார் என்று பொருள். பெண்கள் பிரிவில் இடைவெளி இன்னும் பெரிது: அபெராஷ் மின்செவோ 2:26:06, நிர்மாபென் தாக்கோர் 2:47:11.

இந்த இடைவெளிக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் விளக்கம் ஒன்றுண்டு. நெடுந்தொலைவு ஓட்டம் இந்தியாவுக்குப் புதிது. 2004இல் மும்பையில் போட்டி தொடங்கிய பிறகே நாம் ஓடக் கற்றோம் என்பது அது. வரலாற்றுச் சான்றுகள் இவ்விளக்கத்தை ஏற்கவில்லை.

முதற்சான்று புனேயிலிருந்து கிடைக்கிறது. முதல் உலகப்போர் முடிந்த சூழலில், டெக்கான் ஜிம்கானா நடத்திய நெடுந்தொலைவு ஓட்டத்தை அதன் தலைவரான தொராப்ஜி டாடா பார்வையிட்டார். ஓடியவர்கள் உழவர் குடியினர். காலில் செருப்பின்றி ஓடினர். அவர்களது நேரம் ஐரோப்பியரின் நேரத்தோடு ஒப்பிடத்தக்கதாக இருந்தது கண்டு, 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கிற்கு ஓர் அணியை அனுப்ப அவர் முயன்றார். அவ்வாறு சென்றவர்களில் ஒருவர் பெல்காமைச் சேர்ந்த ஃபடெப்பா சௌகுலே. மாரத்தானில் 2:50:45 என்ற நேரத்தில் 19ஆம் இடம் பெற்றார். அன்றைய பாதை 42.75 கிலோமீட்டர், இன்றைய 42.195 கிலோமீட்டரைவிட அரைக் கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. உடன் ஓடிய சதாசிவ் தாதார் ஓட்டத்தை முடிக்கவில்லை. இந்திய ஒலிம்பிக் வரலாற்றின் தொடக்கத்திலேயே மாரத்தான் இருக்கிறது என்பதை இங்கே கருத வேண்டும்.

இரண்டாம் சான்று இன்னும் வலுவானது. பீகாரின் பக்ஸர் பகுதியிலிருந்து இராணுவத்தில் சேர்ந்த சிவ்நாத் சிங், 1976 மொன்றியல் ஒலிம்பிக் மாரத்தானில் 2:16:22 என்ற நேரத்தில் 11ஆம் இடம் பெற்றார். 1978இல் ஜலந்தரில் அவர் ஓடிய நேரம் 2:12:00. அக்காலத்தில் உலகின் மிகச்சிறந்த நேரமாகக் கொள்ளப்பட்டது, ஆஸ்திரேலியாவின் டெரெக் கிளேட்டன் 1969இல் ஓடிய 2:08:33. அதாவது, உலகின் உச்சத்துக்கும் இந்தியாவின் உச்சத்துக்கும் இடையே அன்று இருந்தது மூன்றரை நிமிடமே.

சிவ்நாத் சிங்கின் நேரத்தை அடுத்த நாற்பது ஆண்டுகளில் எந்த இந்தியராலும் முந்த முடியவில்லை. 2019இல் சியோலில் தி. கோபி 2:13:39 வரை நெருங்கினார், அவ்வளவே. இதற்கிடையில் உலகம் ஓடிக்கொண்டே இருந்தது. 2023 அக்டோபரில் சிகாகோவில் கெல்வின் கிப்டம் 2:00:35 என்ற நேரத்தைப் பதித்தார். மூன்றரை நிமிடமாக இருந்த இடைவெளி பதினொரு நிமிடத்தைக் கடந்துவிட்டது. எனவே நம் சிக்கலைத் தாமதமான தொடக்கம் என்று சொல்வது பொருந்தாது. தேக்கம் என்பதே சரியான சொல்.

தேக்கத்தின் வேர்களைத் தேடும்போது, ஓடியவர்கள் யார் என்ற கேள்வி முன்னிற்கிறது. 1919இன் உழவர்கள், 1978இன் படைவீரர், இன்றைய கோபி, புகாதா ஆகிய படைவீரர்கள் என அந்த வரிசை பெரும்பாலும் சிற்றூர்களிலும் பாசறைகளிலும் உருவானது. 2004க்குப் பின் பெருகிய நகர ஓட்டமோ வேறொரு வகுப்பினருடையது: உடல்நலம் பேண ஓடுவோர், நற்பணிக்கு நிதி திரட்ட ஓடுவோர். இதைக் குறை கூற வேண்டியதில்லை. ஆயினும் சாலையில் ஓடுவோரின் பெருக்கம் வேகமாக ஓடுவோரின் பெருக்கமாகத் தானே மாறிவிடுவதில்லை.

இம்மாற்றம் சொல்லிலும் பதிந்துள்ளது. கிரேக்க நாட்டின் ஓர் ஊர்ப்பெயர், 1921இல் 42.195 கிலோமீட்டர் என்ற திட்டவட்டமான அளவைப் பெற்றது. நம் செய்தித்தாள்களில் இன்று ஐந்து கிலோமீட்டர் விழிப்புணர்வு ஓட்டமும் மாரத்தான். விடிய விடிய நடக்கும் பேச்சுவார்த்தையும் மாரத்தான். மொழியியல் இதைப் பொருள் விரிவு என்னும். சொல் விரிந்த அதே காலத்தில்தான் அச்சொல் குறித்த கடினமான பயிற்சி நம்மிடையே சுருங்கிய வட்டத்துக்குள் நின்றது.

சிவ்நாத் சிங் 2003இல் ஜாம்ஷெட்பூரில் காலமானார். அதற்கடுத்த ஆண்டு, பிப்ரவரியில், முதல் மும்பை மாரத்தான் நடந்தது. வெறுங்காலோடு ஓடியவர் என்று அவரைப் போற்றும் நாம், அந்த 2:12:00 எவ்விதப் பயிற்சியால், எந்த நிறுவன ஆதரவால் இயன்றது என்று போதிய அளவு ஆராயவில்லை. வியப்பு ஆய்வாகாது. விளையாட்டு வரலாற்றில் முனைவர் பட்டத் தலைப்புத் தேடும் நண்பர்கள் இராணுவப் பயிற்சி மையங்களின் ஆவணங்களிலிருந்து தொடங்கலாம். அடுத்த ஜனவரியில் முடிவுகள் வரும்போது, முதல் வரிசையை வியந்து படித்த பிறகு, இரண்டாம் வரிசையையும் 1978ஐ மனத்தில் வைத்துப் படியுங்கள்.